வியாழக்கிழமைக் கட்டி

நம் நோயியல் பரிசோதனைக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் தலைமை டாக்டர் கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஓய்வு பெற்றவர்களை எழுதச் சொன்னால் என்ன எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். எங்கள் காலத்தில் இந்த இயந்திரமெல்லாம் இல்லை, கையாலேயே சாயம் ஊற்றினோம், வீட்டுக்குப் போகும்போது விரலெல்லாம் ஊதா நிறம் என்று ஆரம்பித்து விடுவார்கள். நான் அதை எழுதப் போவதில்லை. மெழுகில் பதிப்பது, சீவுவது, சாயம் ஏற்றுவது எல்லாம் உங்கள் கையேட்டில் இருக்கிறது. என்னைவிட நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல் 'இல்லை'.

நாளை முதல் தினமும் அந்தச் சொல்லை எழுதப் போகிறீர்கள். அறிக்கையில் அதற்கு 'நெகட்டிவ்' என்று பெயர். 'இருக்கிறது' என்று தப்பாக எழுதினால் யாராவது ஒருநாள் கேள்வி கேட்பார்கள். மருந்து கொடுத்தோமே, கேட்கவில்லையே என்று திரும்பிப் பார்ப்பார்கள். 'இல்லை' என்று தப்பாக எழுதினால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கொடுக்காத மருந்து வேலை செய்யவில்லை என்று எந்த நோயாளி வந்து புகார் சொல்லப் போகிறார்?

ஆரம்பத்திலேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் கொஞ்சம் கோபக்காரி. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் அந்தக் 'கொஞ்சம்' எதற்கு என்பார்கள். ஆகவே இதில் யாரையாவது நான் திட்டியிருந்தால், திட்டிய அளவுக்கு அவர்கள் கெட்டவர்கள் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் பதிவு மேசைக்கு வந்தவர்களும் இருக்கிறீர்கள். அவர்களுக்காக விஷயத்தை எளிமையாகச் சொல்கிறேன், டாக்டர்கள் பொறுத்துக்கொள்ளவும். ஒவ்வோர் உயிரணுவின் மேற்பரப்பிலும் வெளியிலிருந்து வரும் சேதியை வாங்கி உள்ளே அனுப்பும் புரதங்கள் இருக்கின்றன. அவற்றை ஏற்பி என்கிறோம். வாசலில் இருக்கும் அழைப்பு மணிப் பொத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே அழுத்தினால் உள்ளே மணி அடிக்கும். மார்பகப் புற்று வந்த பெண்களில் சிலருக்கு ஹெர்-2 என்ற ஏற்பி அளவுக்கு மீறிப் பெருகிவிடும். ஒரு பொத்தான் இருக்க வேண்டிய வாசலில் சுவரெல்லாம் பொத்தான். ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டு, யாரும் அழுத்தாமலே மணி அடித்துக்கொண்டிருக்கும். வளர், பெருகு, வளர், பெருகு என்பதுதான் அந்தச் சேதி.

கெட்டுப்போன உயிரணு தன்னைத்தானே முடித்துக்கொள்ள உள்ளேயே ஓர் ஏற்பாடு உண்டு. இந்த மணி ஓயாமல் அடிப்பதால் அந்த ஏற்பாடும் அடங்கிப் போகிறது. சாக வேண்டியது சாகாமல் குட்டி போடுகிறது. ஹெர்-2க்கென்று வந்திருக்கும் மருந்து நேராகப் போய் அந்தப் பொத்தான்களின் மேல் உட்கார்ந்துகொள்ளும். மணி நின்றால் உயிரணு பெருகுவதை நிறுத்தும், பல நேரம் செத்தும் போகும். பொத்தானே இல்லாத இடத்தில் அந்த மருந்துக்கு உட்கார இடம் கிடையாது. அதனால்தான் முதலில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கச் சொல்லி நம்மிடம் அனுப்புகிறார்கள். நாம் இல்லை என்று சொன்னால், அந்தப் பெண்ணுக்கு அந்த மருந்து கிடையாது.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேர் கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வந்தவர்கள். ஜொகூரில் அப்போது வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வேலைக்குப் போவோம். வியாழன் மாலை என்றால் எங்களுக்கு மற்ற ஊர்க்காரர்களின் வெள்ளி மாலை மாதிரி. எல்லோர் மனசும் பாதி வீட்டுக்குப் போயிருக்கும். ஆனால் அறுவை சிகிச்சை டாக்டர்களுக்கு வியாழன் என்றால் உயிர். வியாழன் அறுத்தால் வெள்ளியும் சனியும் சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வார்கள், ஞாயிறு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்ற கணக்கு. பெரிய பெரிய மாதிரிகளெல்லாம் எங்களுக்கு வியாழன் மாலைதான் வந்து சேரும். அவற்றுக்கு எங்கள் லேப்பில் 'காமிஸ் கேஸ்' என்று பெயர். காமிஸ் என்றால் மலாயில் வியாழன், அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்திராணி அப்படி வந்த ஒரு காமிஸ் கேஸ். செடெனாக்கில் பள்ளிக்கூட வேன் ஓட்டும் பெண், ஐம்பதை நெருங்கிய வயது. வெள்ளி, சனி பள்ளிக்கூடம் கிடையாதே, அதனால் வியாழக்கிழமையே ஆபரேஷன் வைத்துக்கொடுங்கள் என்று கேட்டது அவரேதான். குளுவாங்கில் ஒரு கிளினிக்கில் மெல்லிய ஊசி வைத்து உறிஞ்சிப் பார்த்து, புற்று என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் சோதனையில் புற்று தெரியும். ஆனால் ஏற்பிகளைச் சோதிக்கும் அளவுக்கு அதில் திசு மிஞ்சவில்லை. எனவே ஹெர்-2 இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு இருந்தது, அறுத்து அனுப்பிய அந்த மார்பகம் மட்டும்தான்.

முழு மார்பகத்தை ஃபார்மலினில் போட்டுவிட்டால் மட்டும் போதாது. ஃபார்மலின் திசுவைக் கெடாமல் நிறுத்தி வைக்கும், ஆனால் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். கத்தியால் கீறி, மடல் மடலாக விரித்து வைத்தால்தான் நடுவரைக்கும் போய்ச் சேரும். கீறாமல் போட்டால் ஓரம் மட்டும் பதப்படும், நடுப்பகுதி தொட்டிக்குள்ளேயே அழுகும். இது எங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. அன்று மாலை மாதிரியை வாங்கியவர் மாலிக், எங்கள் மூத்த லேப் டெக்னாலஜிஸ்ட். ஃபார்மலினில் போட்டது இன்னொருவர். அவர் கீறியிருப்பார் என்று இவர் நினைத்தார், இவர் கீறிவிட்டுத்தான் கொடுத்தார் என்று அவர் நினைத்தார். இருவரும் நல்ல வேலைக்காரர்கள். அதனால்தான் ஒருவரை ஒருவர் அவ்வளவு நம்பினார்கள்.

ஞாயிறு காலை என் சக டாக்டர் ஒருவர் அதை வெட்டினார். வியாழனிலிருந்து ஞாயிறு வரை ஃபார்மலினில் கிடந்த மாதிரி, நன்றாகப் பதப்பட்டிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடுவில் கட்டி இருந்த இடம் கொஞ்சம் மெத்தென்று இருந்ததாம். கட்டியின் சுபாவம் அப்படி என்று எடுத்துக்கொண்டார். தேவையான துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு அவர் விடுப்பில் போய்விட்டார். ஸ்லைடுகள் என்னிடம் வந்தன.

"மூணுமே ஜீரோ, டாக்டர்" என்று ஸ்லைடுத் தட்டைக் கொண்டு வந்து வைத்தார் மாலிக். ஹெர்-2 இல்லை, ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் இல்லை என்று அர்த்தம்.

"கண்ட்ரோல்?"

"கண்ட்ரோல் அழகா வந்திருக்கு லா. நீங்களே பாருங்க."

பார்த்தேன், ஏற்பி உண்டு என்று முன்பே தெரிந்த அந்த ஒப்பீட்டுத் திசுவில் நிறம் அழகாகத்தான் ஏறியிருந்தது. சாயத்தில் குறை இல்லை, இயந்திரத்தில் குறை இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் கட்டியின் உயிரணுக்கள் வெளுத்துப்போய், உட்கரு கலங்கித் தெரிந்தன. அது பிடிக்கவில்லை. சரி என்று கட்டியை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த சாதாரணப் பால் குழாயைப் பார்த்தேன். நோய் எதுவும் இல்லாத குழாய் அது. ஹார்மோன் ஏற்பி அதில் அங்கங்கே இருந்தே ஆக வேண்டும். ஆரோக்கியமான எந்தப் பெண்ணின் மார்பகத்திலும் இருக்கும். அதிலும் ஒரு புள்ளி நிறம் இல்லை.

கிழிஞ்சது போ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். நல்ல குழாயிலேயே தெரியவில்லை என்றால், கட்டியில் தெரியாததற்கு என்ன அர்த்தம்? அந்தத் திசுவில் எதைத் தேடினாலும் கிடைக்காது என்றுதான் அர்த்தம். ஹெர்-2 இருந்ததோ இல்லையோ, அந்த ஸ்லைடைப் பார்த்து இரண்டையும் சொல்ல முடியாது. மற்ற எதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள். கட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருக்கும் நல்ல உயிரணுவைப் பாருங்கள்.

மிச்ச மாதிரியைக் கொண்டுவரச் சொல்லி நானே வெட்டிப் பார்த்தேன். ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் கெட்டியாக இருந்தது. நடுவில் பச்சை இறைச்சி மாதிரி இளஞ்சிவப்பு, விரல் வைத்தால் அமுங்கியது. கட்டி முழுக்க அந்த நடுப்பகுதியில்தான்.

"மாலிக், இத யாரு கீறினது?"

அவர் மாதிரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "நான் கீறல, டாக்டர். அவன் கீறியிருப்பான்னு..." என்று இழுத்தார்.

அப்புறம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. மாலிக் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன். இந்திராணிக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பாலா. என்னைவிடப் பல வயது இளையவர், கெட்டிக்காரர், காத்திருக்கத் தெரியாதவர்.

"டாக்டர், இந்திராணி ரிப்போர்ட் இன்னும் வரலையே. நாளைக்கு மீட்டிங்ல வைக்கணும் லா."

"வராது, பாலா. திசு கெட்டுப்போச்சு. படிக்க முடியல."

"மூணும் நெகட்டிவ்னு உங்க ஆளுங்க சொன்னாங்களே?"

"நிறம் ஏறலன்னு சொல்லியிருப்பாங்க. ஹெர்-2 இல்லன்னு இங்க யாரும் சொல்லல."

"எப்படிப் பார்த்தாலும் கீமோ கொடுக்கத்தானே போறோம். இப்போதைக்கு நெகட்டிவ்னு போட்டுருங்க. பின்னாடி ஏதாச்சும் தெரிஞ்சா மாத்திக்கலாம்."

"யாரு மாத்துவா? ஒரு தடவ நெகட்டிவ்னு விழுந்துட்டா அதையே பார்த்துப் பார்த்து எல்லாரும் எழுதிட்டே போவாங்க. நீங்களே திரும்பிப் பார்க்க மாட்டீங்க."

"அப்ப ஜீன் டெஸ்ட்டுக்கு அனுப்புங்க."

"அழுகினது அதுக்கும் அழுகினதுதான்."

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. அப்புறம் அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "உங்க லேப்ல கெடுத்துட்டு, என் பேஷன்ட்டக் காக்க வைக்கிறீங்களா டாக்டர்? கட்டிய முழுசா எடுத்தாச்சு. திரும்ப ஊசி வைக்கக்கூட அங்க ஒண்ணும் இல்ல. எதுல தேடப் போறீங்க?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. கெடுத்தது எங்கள் கூடம்தான், காத்திருக்கப் போவது அந்தப் பெண்தான். கோபக்காரர்களுக்கு இதுதான் பெரிய கஷ்டம், எதிராளி நியாயமாகப் பேசினால் திட்ட வழியில்லை. ரெண்டு நாளில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். ரெண்டு நாளில் என்ன கிடைக்கும் என்று எனக்கே தெரியாது.

யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. மார்பகத்தோடு சேர்த்து அக்குள் பக்கத்துக் கொழுப்பையும் அறுத்து அனுப்பியிருந்தார்கள். அது மாதிரியின் ஓரம். ஃபார்மலின் நன்றாகப் பாய்ந்த இடம். அதில் இருக்கும் நிணநீர்க் கணு ஒன்றில் புற்று பரவியிருந்தால், அந்தப் புற்றுயிரணு நன்றாகப் பதப்பட்டிருக்கும். அதில் ஹெர்-2 பார்க்கலாம். என் சக டாக்டர் அந்தக் கொழுப்பிலிருந்து எடுத்து வைத்த கணுக்களை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். எதிலும் புற்று இல்லை. வேறு எந்த நாளாக இருந்தாலும் அதைப் பார்த்து நிம்மதியாகியிருப்பேன்.

மறுநாள் காலை பதிவு மேசையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு அம்மா வந்து நிற்கிறார், ரிப்போர்ட் வாங்காமல் போக மாட்டேன் என்கிறார் என்று. நம் வேலையில் நோயாளியின் முகத்தைப் பார்ப்பது அபூர்வம். போய்ப் பார்த்தால் இந்திராணி. ஒரு கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் வேன் சாவியோடு நின்றார். ஆபரேஷன் ஆன உடம்போடு வேனா ஓட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று நான் பாய, "இல்ல டாக்டர், தம்பி ஓட்டிட்டு வந்தான். சாவிய மட்டும் நான் வச்சிக்கிட்டேன். அவன் என்னைய விட்டுட்டு எங்கயாச்சும் போயிருவான்" என்றார்.

என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன்.

"டாக்டர் பாலா லேப்ல ஏதோ பிரச்சனைன்னாரு. நெகட்டிவ்னுதான் வரும் போலன்னு நர்ஸ் சொன்னாங்க. நெகட்டிவ்னா நல்லதுதானே டாக்டர்? கோவிட்டுக்கு ஒரு கோடு வந்தா சந்தோஷப்பட்டோமே, அந்த மாதிரி. அப்ப நெகட்டிவ்னே குடுத்துருங்க, நான் வீட்டுக்குப் போறேன்."

அவ்வளவு நேரம் எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாக இருந்தது. பொத்தான் கதையை, உங்களுக்கு மேலே சொன்னேனே, அதை அவருக்குச் சொன்னேன். நெகட்டிவ் என்றால் புற்று இல்லை என்று அர்த்தமில்லை, பொத்தான் இல்லை என்றுதான் அர்த்தம், பொத்தான் இல்லாவிட்டால் ஒரு நல்ல மருந்து உங்களுக்குக் கிடைக்காமல் போகும் என்றேன். மாதிரியைக் கெடுத்தது நாங்கள் என்பதையும் சொன்னேன். மேலிடத்தில் இதைச் சொல்லக் கூடாது என்பார்கள். அவர் உடம்பிலிருந்து எடுத்தது, அவருக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"அக்குள்ல நெறி கட்டும் பாருங்க, அந்த மாதிரி சின்னச் சின்னதா உள்ள இருக்கும். உங்களுக்கு எடுத்த கொழுப்புல இன்னும் ஏதாச்சும் மிச்சமிருக்கான்னு தேடப் போறேன்."

"இருந்தா?"

"அதுல புத்து பரவியிருந்தா, அத வச்சு சொல்லிரலாம்."

இந்திராணி நிமிர்ந்து பார்த்தார். "அலமாக்! பரவாம இருக்கணும்னு நான் மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டு இருக்கேன். பரவியிருக்கணும்னு நீங்க தேடறீங்களா?"

"ஆமா மா" என்றேன். வேறென்ன சொல்வது?

"கெடைக்கலன்னா?"

"தெரியலன்னு எழுதுவேன். இல்லன்னு எழுத மாட்டேன். டாக்டர் பாலாவும் மத்தவங்களும் உக்காந்து பேசி முடிவெடுக்கணும். தேடறதுக்கு ரெண்டு நாளு வேணும் எனக்கு. அதுக்குள்ள கீமோ ஆரம்பிக்க மாட்டாங்க, புண்ணும் ஆறணும். ஆனா இன்னைக்கே முடிவு வேணும்னு நீங்க கேட்டா, தெரியலன்னு இன்னைக்கே எழுதிக் குடுத்துருவேன்."

வெளியே அவர் தம்பி வேன் ஹாரனை அடிக்கும் சத்தம் கேட்டது. சாவி இல்லாமல் ஹாரனாவது வேலை செய்கிறதே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"தேடுங்க" என்று சொல்லி எழுந்தார். "நான் நேந்துக்கிட்டத மாத்த மாட்டேன். நீங்க உங்க வேலையப் பாருங்க."

மாலிக்கும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். கணுவைத் தேடுவது கண் வேலை இல்லை, விரல் வேலை. கொழுப்பை மெல்லிசாக அரிந்து, விரலிடையில் வைத்து நசுக்கி நசுக்கிப் பார்க்க வேண்டும். சாப்பாட்டு நேரம் கடந்தது. நான்தான் போகச் சொன்னேன், மாலிக் போகவில்லை. அவரை அவ்வளவு திட்டியிருக்க வேண்டாம் என்று அப்போது தோன்றியது. மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. "தேத்தண்ணியாச்சும் குடிங்க" என்றேன். "இது முடியட்டும் டாக்டர்" என்றார்.

ஓரத்தில், ஒரு ரத்தக் குழாயை ஒட்டிக்கொண்டிருந்தது அது. பச்சைப்பயறு அளவுதான். மாலிக்கின் விரலில் தட்டுப்பட்டது. யார் வெட்டியிருந்தாலும் கண்ணுக்குத் தப்பியிருக்கும், அதற்காக என் சக டாக்டரை நீங்கள் குறை சொல்லக் கூடாது.

அதைப் பதப்படுத்தி, மெழுகில் வைத்து, சீவி, மறுநாள் ஸ்லைடு என் மேசைக்கு வந்தது. கண்ணை வைத்தேன். சின்னஞ்சிறிய கணுவின் ஓரத்தில், தெளிவாக, கூராக, கொஞ்சமும் கலங்காத புற்றுயிரணுக் கூட்டம் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"கெடச்சிருச்சு மாலிக்!" என்று கத்திவிட்டேன். நாற்காலி பின்னால் போய் அலமாரியில் மோதியது. கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாலிக் ஓடி வந்தார், கடவுளுக்கு நன்றி சொன்னார், இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரிச் சிரித்தோம். முதலில் நிறுத்தியது அவர்தான்.

"டாக்டர், அந்தம்மாவுக்குப் பரவியிருக்கு. நாம சிரிக்கிறோம்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். ஆனால் சந்தோஷம் போகவில்லை, அதுதான் விசித்திரம். இரண்டும் சேர்ந்தே இருந்தன. இந்தத் தொழிலில் உங்களுக்கும் அப்படி வரும். வந்தால் உங்களை நீங்களே அரக்கன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அதே கணுவில் ஹெர்-2 சாயம் ஏற்றினோம். ஒவ்வோர் உயிரணுவையும் சுற்றி அடர்ந்த பழுப்பு வளையம், கோழிக்கூண்டுக் கம்பிவலையைப் பார்ப்பது மாதிரி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. நடுக்கட்டியில் ஜீரோ என்று வந்த அதே பெண்ணின் அதே புற்று. பாலாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். "மருந்த மாத்தணும் டாக்டர், ஸ்டேஜும் மாறுது" என்றார். "நீங்களும் வாங்க, ஒண்ணா சொல்லுவோம். அவங்க உங்களத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க." அன்று போனில் பேசியதை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் இரண்டு மாற்றங்கள் வந்தன. மாதிரியை எந்தக் கை வாங்குகிறதோ அந்தக் கையே கீற வேண்டும். வேறொருவர் கீறியிருப்பார் என்ற பேச்சே கிடையாது. பெரிய மார்பக அறுவை சிகிச்சைகளை வியாழன் மதியத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இரண்டாவதற்கு டாக்டர்களிடம் பெரிய சண்டை போட வேண்டியிருக்கும் என்று தயாராகப் போனேன். முதல் ஆளாகச் சரி என்றவர் பாலா. நான் தயார் செய்து வைத்திருந்த வசனமெல்லாம் வீணாகப் போயிற்று.

இப்போது ஜொகூரிலும் சனி, ஞாயிறுதான் விடுமுறை. காமிஸ் கேஸ் ஒழிந்தது என்று நீங்கள் நினைக்கலாம். தீபாவளிக்கு முதல் நாள், சீனப் புத்தாண்டுக்கு முதல் நாள், நோன்புப் பெருநாளுக்கு முதல் நாள், ஒவ்வொன்றும் ஒரு வியாழக்கிழமைதான். எல்லோரும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கும் நேரத்தில்தான் அது வந்து சேரும். யார் கீறினார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

இந்திராணியின் கதை என்னவாயிற்று என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். கீமோவோடு அந்த மருந்தும் கொடுத்தார்கள். கட்டி திரும்ப வரவில்லை, இதுவரைக்கும். இப்போதும் வேன் ஓட்டுகிறார். நாளைக்கு என்ன என்று நான் சொல்ல மாட்டேன், நோயியல் படித்த யாரும் சொல்லக் கூடாது. அந்த மருந்தும் எல்லோரையும் காப்பாற்றுவதில்லை. சிலருக்குப் புற்று வேறு வழி கண்டுபிடித்து மணியை அடித்துக்கொள்கிறது.

முடிவை இந்திராணியிடம் சொன்ன அந்தக் காலையைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பாலாவின் அறை. முதலில் கணுவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. பாலா ஆரம்பித்ததுமே இந்திராணி என் பக்கம் திரும்பி, "கெடச்சிருச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சத்தம் வராத அழுகை. பாலா மருந்தைப் பற்றி விளக்கிக்கொண்டே போனார், அதில் எவ்வளவு அவர் காதில் விழுந்தது என்று தெரியவில்லை. அவர் உடம்பில் பரவியிருக்க வேண்டும் என்று ரெண்டு நாள் தேடிய ஆள் நான், என்ன ஆறுதல் சொல்வது?

வெளியே வந்து லிஃப்டுக்காக நின்றபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கட்டுமா டாக்டர்? பொய் சொல்லக் கூடாது."

"கேளுங்க."

"அது கெடச்சப்ப உங்களுக்கு எப்படி இருந்திச்சு?"

பொய் சொல்ல எனக்கு ஒரு விநாடி ஆசையாகத்தான் இருந்தது. கஷ்டமாக இருந்தது என்று சொல்லியிருந்தால் அவரும் நம்பியிருப்பார்.

"சந்தோஷமா இருந்திச்சு மா. கத்திட்டேன். லேப்பே திரும்பிப் பார்த்திச்சு."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். லிஃப்ட் வந்து, கதவு திறந்து, மூடிக்கொண்டு போய்விட்டது. கன்னத்தில் ஒன்று வைக்கப் போகிறார் என்றுகூட நினைத்தேன்.

"வீட்டுல எல்லாரும் அழுவுறாங்க டாக்டர்" என்றார். "வேன்ல வர்ற பிள்ளைங்களோட அம்மாங்க என்னையப் பார்த்தாலே கண்ணத் தொடைக்கிறாங்க. தம்பி பாத்ரூம்ல போயி அழுவுறான். இந்தக் கட்டி வந்ததுலேருந்து, என் விசயத்துல சந்தோஷப்பட்ட மொத ஆளு நீங்கதான்."